257 ரூபாயில் தொடங்கிய எங்கள் வீட்டுக் கடன் கணக்கு

காட்பாடியிலிருந்து:

காட்பாடி தாண்டி பிரம்மபுரம் பக்கம் இரண்டரை சென்ட்டில் வீடு கட்டி நாங்கள் குடிவந்தது 2021 மார்ச்சில். வங்கிக் கடன் 20 லட்சம், 20 வருடம், வட்டி 7 சதவீதம், மாதத் தவணை 15,506. வீட்டுக்காரர் ராணிப்பேட்டை சிப்காட்டில் சூப்பர்வைசர். நான் ஒரு லேபில் டெக்னீஷியன். வாடகைக்குக் கொடுத்ததோடு கொஞ்சம் சேர்த்துக் கட்டினால் வீடு நம்முடையது என்ற கணக்கில்தான் கையெழுத்துப் போட்டோம். மாதம் தவறாமல் பணம் போனது, நிம்மதியாக இருந்தோம்.

2023 ஏப்ரலில் பையனை வேறு பள்ளியில் சேர்க்க முகவரிச் சான்று வேண்டியிருந்தது. அதற்காகக் கடன் கணக்கு ஸ்டேட்மென்ட்டை பிரின்ட் எடுத்தேன். கடைசி வரியில் தவணை 15,506, வட்டி 15,249, அசல் 257 என்று இருந்தது. அச்சுப் பிழை என்றே நினைத்தேன். மேலே மேலே பார்த்துக்கொண்டு போனால் முதல் மாதம் அசலில் 3,839 கழிந்திருக்கிறது. 2022 ஜூலையில் அது 2,734. அக்டோபரில் 1,179. ஜனவரியில் 643. இரண்டு வருடத்தில் நாங்கள் கட்டியது 3 லட்சத்து 72 ஆயிரம், அசலில் குறைந்தது 74 ஆயிரத்துக்கும் கீழே.

காரணம் பிறகுதான் புரிந்தது. 2022 மே மாதத்திலிருந்து ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தை (மற்ற வங்கிகளுக்குத் தான் கொடுக்கும் கடனுக்கான வட்டியை) 4 சதவீதத்திலிருந்து படிப்படியாக ஏற்றி, 2023 பிப்ரவரியில் 6.5 சதவீதத்துக்குக் கொண்டுவந்துவிட்டது. எங்கள் கடன் அந்த ரெப்போவோடு கட்டப்பட்டது. வட்டி 9.5 ஆகிவிட்டது. தவணைத் தொகை மட்டும் மாறவில்லை, அதனால் எங்களுக்கு எதுவுமே தெரியவில்லை. தவணைக் காலம்தான் சத்தமில்லாமல் நீண்டுகொண்டிருந்தது. இதே வேகத்தில் கட்டினால் எப்போது முடியும் என்று அன்று ராத்திரி கணக்குப் போட்டுப் பார்த்தேன். இன்னும் 43 வருடம். அவருக்கு அப்போது 41 வயது.

மாமியாரிடம் சொன்னபோது, "இன்னாடி இது, பேரப்பையன் கட்ற வரைக்கும் போவுமா?" என்றார். அந்த வார்த்தை எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவிடவில்லை.

வங்கிக்குப் போனோம். பழையபடி மீதி 18 வருடத்தில் முடிய வேண்டுமானால் தவணையை 18,644 ஆக்க வேண்டும் என்றார்கள். வெளியே வேப்பமரத்தடியில் நின்று நாங்கள் இருவரும் பேசினோம். 'மூவாயிரம் ஏத்தறதுக்கே குடும்பத்தையே மாத்தணும். மாத்தறதுதான் மாத்தறோம், 22,000-ஆ ஏத்திடலாம்' என்றார் அவர். திரும்ப உள்ளே போய் எழுதிக் கொடுத்தோம். அதே வருடம் ஆகஸ்டில்தான், வட்டி மாறும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா என்று கடன் வாங்கியவரை வங்கி கேட்க வேண்டும் என ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டது. உங்களில் யாருக்காவது வட்டி மாற்றம் பற்றி வங்கியிலிருந்து கடிதமோ எஸ்.எம்.எஸ்ஸோ வந்தால் தயவுசெய்து படிக்காமல் தள்ளிவிடாதீர்கள்.

அப்போது எங்கள் இரண்டு சம்பளமும் சேர்ந்து 52,000. தவணை போக 30,000. அதில் பள்ளிக் கட்டணம், மாமியாரின் சர்க்கரை மாத்திரை, மளிகை, பால், கேஸ், பெட்ரோல் எல்லாம். எங்கே கை வைப்பது என்று தெரியாமல் முதல் மாதம் செலவை மட்டும் எழுதினேன், எதையும் குறைக்கவில்லை. அதுதான் உதவியது. பெரிய செலவு என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்த ஞாயிற்றுக்கிழமை கறி மாதம் 1,900 தான். போனில் ஆர்டர் போட்டு வாங்கிய சின்னச் சின்னப் பொருள்களும் வெளிச் சாப்பாடும் 5,400. பையனின் டிபன் பாக்ஸ் மட்டும் அந்த மாதம் மூன்று வாங்கியிருந்தோம்!

லேபுக்கு ஸ்கூட்டியை விட்டுவிட்டு டவுன் பஸ்ஸில் போக ஆரம்பித்தேன். சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாதே. இருபது நிமிடம் முன்னால் கிளம்ப வேண்டும், அவ்வளவுதான். காய்கறியைத் தெருமுனைக் கடையில் அரைக்கிலோ கால்கிலோவாக வாங்காமல் வாரம் ஒருமுறை காட்பாடி உழவர் சந்தையில் காலை ஏழு மணிக்குள் வாங்கினேன். (இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் வரும் நாளில் மட்டும் கணக்குப் பார்ப்பதில்லை. அதில் வைத்த புளிக்குழம்பு இரண்டு நாள் தாங்கும்.) ரேஷன் அரிசியை இட்லிக்கு ஊறப்போட்டேன், நன்றாகவே வருகிறது.

ஏ.சி. விஷயத்தில்தான் வீட்டில் சண்டை வந்தது. வேலூர் வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் வேண்டவே வேண்டாம் என்றேன். கத்திரி வெயிலில் அம்மாவைப் புழுங்கப் போட்டு என்ன கடனை அடைப்பது என்று அவர் கேட்டார். அவர் சொன்னதுதான் சரி. ஏ.சி. வாங்கினோம், மாமியார் அறையில் மாட்டினோம், ஏப்ரல் மே ஜூனில் எல்லாரும் அந்த ஒரே அறையில் பாய் போட்டுப் படுக்கிறோம். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் மின்கட்டணக் கணக்கே மாறிவிடும் என்பதால் பையன்தான் வாரா வாரம் மீட்டரைப் பார்த்துச் சொல்வான்.

அவனுக்கு இன்னொரு வேலையும் உண்டு. பீரோ கதவின் உட்புறத்தில் ஒவ்வொரு மாதமும் அசலில் கழிந்த தொகையைப் பென்சிலால் எழுதுவான். முதல் எண் 257. அதற்குக் கீழே 2023 மே, 6,753. நகைப் பெட்டியை எடுக்கப் போகும்போதெல்லாம் அந்த இரண்டு எண்ணும் கண்ணில் படும்.

தீபாவளி போனஸ், சீட்டு எடுத்த பணம், என் தம்பி திருப்பித் தந்த கடன் என்று கையில் மொத்தமாக வந்ததையெல்லாம் பார்ட் பேமென்ட்டாகப் போட்டோம். 2023 நவம்பரில் 1 லட்சம், 2024 ஏப்ரலில் ஒன்றரை லட்சம், அந்த நவம்பரில் 60,000, 2025 ஏப்ரலில் 1 லட்சம். மாறும் வட்டியில் தனிநபர் எடுத்த வீட்டுக் கடனை முன்கூட்டி அடைக்க அபராதம் கிடையாது. ஒவ்வொரு முறையும், 'தவணையைக் குறைக்க வேண்டாம், காலத்தைக் குறையுங்கள்' என்று எழுதிக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டோம். 2025-இல் வட்டி எட்டரை சதவீதத்துக்கு இறங்கியபோதும் 22,000-ஐத் தொடவில்லை. டிசம்பர் தவணையில் அசலுக்குப் போனது 13,378. பாக்கி 12 லட்சத்துச் சொச்சம். இனி கூடுதலாக எதுவும் போடாவிட்டாலும் 70 மாதத்தில் முடிந்துவிடும்.

உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்.

ராணிப்பேட்டையிலிருந்து:

அக்கா, ஒரு சந்தேகம். எட்டரை சதவீதக் கடனை அவசரமாக அடைப்பதற்குப் பதில் அந்தப் பணத்தை மியூச்சுவல் ஃபண்டில் எஸ்.ஐ.பி.யாக, அதாவது மாதாமாதம் ஒரு தொகையாகப் போட்டால் அதிகம் வருமே? வரிச் சலுகையும் போய்விடாதா?

காட்பாடியிலிருந்து:

தம்பி, இதே கேள்வியை என் வீட்டுக்காரரும் கேட்டார். வரலாம், வராமலும் போகலாம். கடனில் நிற்கும் வட்டி நிச்சயமாக நிற்கும். 20 லட்சம், எட்டரை சதவீதம், 20 வருடம் என்று எடுத்த ஒருவர் ஆரம்பத்திலேயே 1 லட்சம் கூடுதலாகக் கட்டினால் 28 மாதத் தவணை குறைகிறது. அதாவது ஏறக்குறைய 4 லட்சம் மிச்சம். வரியைப் பொறுத்தவரை நாங்கள் புதிய வரி முறைக்கு மாறிவிட்டோம், குடியிருக்கும் வீட்டுக்கான வட்டிக் கழிவு அதில் இல்லை. பழைய முறையில் இருப்பவர்களுக்கு வட்டியில் 2 லட்சம் வரை கழிவு உண்டு, அவர்கள் தனியாகக் கணக்குப் போட வேண்டும். மாதம் நிச்சயமாகச் சம்பளம் வருகிற, பொறுப்பு குறைவாக இருக்கிற வயது உங்களுக்கு. நீங்கள் இரண்டையும் செய்யலாம்.

குடியாத்தத்திலிருந்து:

தங்கச்சி, பணம் கட்டி முடிச்ச பிறகு நடந்ததை நான் சொல்றேன், யாருக்காவது உதவும்.

2024 பிப்ரவரியில் கடனை முழுசா அடைச்சேன். 15 வருஷக் கடன், 11 வருஷத்துல முடிச்சோம். வீட்டுல பாயசம் வெச்சாங்க. கிளையில 'பாக்கி இல்லை'ன்னு ஒரு கடிதம் கொடுத்தாங்க. பத்திரம் எங்கேன்னு கேட்டா சென்னையில இருக்கு, வரும்னாங்க. வாரா வாரம் போனேன். 2023 டிசம்பர் 1-லிருந்து கடன் முடிஞ்சு 30 நாளுக்குள்ள அசல் பத்திரங்களைத் திருப்பித் தரணும், அவங்க பக்கத்துத் தாமதம்னா நாளுக்கு 5,000 ரூபாய் கொடுக்கணும்னு ரிசர்வ் வங்கி விதி இருக்குன்னு ஒரு சிநேகிதர் சொன்னார். 26-ஆவது நாள் அதை எழுதி, நகல்ல முத்திரை வாங்கிக்கிட்டு வந்தேன். 29-ஆவது நாள் பத்திரம் வந்துடுச்சு. கடன் வாங்கும்போது கொடுத்த பட்டியலை வெச்சு ஒவ்வொண்ணா சரிபார்த்தேன். தாய்ப்பத்திரத்துல எல்லாப் பக்கமும் இருக்கான்னு எண்ணியும் பார்த்தேன். எங்க நைனா தறி ஓட்டிச் சம்பாதிச்சு வாங்கின மனை அது. அவர் கையெழுத்தைப் பார்த்ததும் அங்கேயே உட்கார்ந்துட்டேன்.

அதோட முடிஞ்சுதுன்னு நினைச்சேன், முடியலை. அடுத்த வருஷம் பெரிய பொண்ணு படிப்புக்காக வில்லங்கச் சான்று எடுத்தா, அந்தப் பழைய அடமானப் பதிவு அப்படியே நிக்குது. பத்திரத்தை ஒப்படைச்சதுக்கு சார்பதிவாளர் அலுவலகத்துல எம்.ஓ.டி. பதிவு பண்ணியிருந்தோம் இல்லையா, கடன் தீர்ந்ததுக்கு ரசீது ஆவணமும் அதே மாதிரி பதியணும். வங்கி ஆளும் வரணும். மறுபடி அலைஞ்சு பதிஞ்சேன். பதிஞ்ச அன்னிக்கே விடாம, பத்து நாள் கழிச்சு வில்லங்கம் போட்டுப் பார்த்து ரசீது ஏறியிருக்கிறதைக் கண்ணால பார்த்த பிறகுதான் ஃபைலை மூடினேன்.

ஆம்பூரிலிருந்து:

எல்லாரும் அடைச்ச கதை சொல்றீங்க, நான் அவசரப்பட்ட கதையைச் சொல்றேன். தப்பா எடுத்துக்காதீங்க.

எங்க வீட்டுல ஷூ அப்பர் தைக்கிற சின்ன யூனிட் வெச்சிருக்கோம், எட்டு மெஷின். நல்லா ஆர்டர் வந்த ரெண்டு வருஷத்துல கையில நின்ன 3 லட்சத்தையும் சுத்தமாத் துடைச்சு வீட்டுக் கடன்ல போட்டோம். ஆறு மாசத்துல ஆர்டர் நின்னுபோச்சு. நாலு மாசம் மெஷினுக்குத் துணி போத்தி வெச்சிருந்தோம். தவணை நிக்கலை. முன்னாடியே 3 லட்சம் கூடுதலாக் கட்டியிருக்கோமே, இந்த நாலு மாசத்தை அதுல கழிச்சுக்கோங்கன்னு கிளையில கேட்டேன். அது அசல்ல சேர்ந்துடுச்சு, மாசத் தவணை தனின்னுட்டாங்க. விதி அதுதான்னு எனக்கு அன்னிக்குத்தான் தெரியும்.

என் ஆறு பவுன் ஆரத்தை அடகுக் கடையில வெச்சு ஒண்ணே முக்கால் லட்சம் வாங்கினேன், ரெண்டு வட்டி. மாசம் 3,500. யோசிச்சுப் பாருங்க, ஒன்பது சதவீத வட்டியை மிச்சம் பண்ணப் போய் இருபத்து நாலு சதவீத வட்டிக்கு வாங்கினேன். ஆரத்தை மீட்க ஒண்ணரை வருஷம் ஆச்சு. இப்போ ஆறு மாசத் தவணைப் பணம் வங்கி டெபாசிட்ல தனியா இருக்கு. அது நிறைஞ்ச பிறகு மேல வர்றதுதான் கடனுக்கு.

காட்பாடி தங்கச்சி, உங்க பதிவுல கைக்காசுன்னு எதுவுமே எழுதலையே, வெச்சிருக்கீங்களா?

காட்பாடியிலிருந்து:

இல்லை அக்கா. நீங்கள் கேட்டதும் கொஞ்ச நேரம் பதில் எழுத முடியவில்லை. எங்கள் சேமிப்புக் கணக்கில் இன்று இருப்பது 11,000. இரண்டு சம்பளம் இருக்கிறது என்ற தைரியத்தில் இருந்துவிட்டோம். ஆனால் சிப்காட்டில் அவர் கம்பெனியிலும் போன மாதம் ஒரு ஷிஃப்டைக் குறைத்திருக்கிறார்கள்.

நேற்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அவரிடம் உங்கள் பதிவைப் படித்துக் காட்டினேன். இந்த ஏப்ரலில் பார்ட் பேமென்ட் போடுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். சீட்டுப் பணம் வந்ததும் முழுதும் டெபாசிட்டுக்குப் போகிறது, 1,32,000 சேரும்வரை. பையன், "அப்போ கதவுல என்னம்மா எழுதறது?" என்றான். அசலுக்குப் பக்கத்தில் டெபாசிட்டுக்கு இன்னொரு வரிசை போடச் சொல்லியிருக்கிறேன்.

குடியாத்தம் அண்ணா, கடன் வாங்கும்போது கொடுத்த பத்திரப் பட்டியல் எங்களிடம் இருக்கிறதா என்று இன்று காலை தேடினேன். இருந்தது. மூன்று நகல் எடுத்து வைத்துவிட்டேன்.