தரவுத்தளத்தில் மூன்று டேபிள்களை இணைத்தால் தேன் எடை இரட்டிப்பாக வருகிறது: பிழை எங்கே?

கேள்வி
மார்த்தாண்டம் அருகே தேன் கொள்முதல் செய்யும் எங்கள் கடையின் பேரேட்டை எஸ்கியூலைட் தரவுத்தளத்துக்கு மாற்றியிருக்கிறேன். தேனீ வளர்ப்போர், கொள்முதல், முன்பணம் என மூன்று டேபிள்கள் (அட்டவணைகள்) உள்ளன. ஒரே ஊரில் ஒரே பெயரில் மூவர் இருப்பதால், பெயரை நம்பாமல் ஆளுக்கோர் எண் கொடுத்து, அதை முதல் டேபிளில் பிரைமரி கீயாகவும் (ஒவ்வொரு வரியையும் தனித்துக் காட்டும் எண்) மற்ற இரண்டில் ஃபாரின் கீயாகவும் (முதல் டேபிளின் அந்த எண்ணைச் சுட்டும் புலம்) வைத்தேன். மூன்றையும் அந்த எண்ணால் ஜாயின் செய்து (இணைத்து) கூட்டினால் கணக்கு உதைக்கிறது. 17ஆம் எண்காரர் 40, 30, 30 கிலோ என மூன்று முறை தேன் தந்து, 5,000, 3,000 ரூபாய் என இருமுறை முன்பணம் வாங்கியிருக்கிறார். ஆனால் 200 கிலோ, 24,000 ரூபாய் என்று வருகிறது. தேன் கிடைக்கும் ரப்பர் தளிர்ப் பருவம் முடிந்து கணக்குத் தீர்க்க ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள்.

பதில் 1
கூட்டும் இடத்தில், திரும்ப வரும் மதிப்பை ஒருமுறை மட்டும் எடுக்கும் டிஸ்டிங்ட் சேர்த்துப் பாருங்கள்.

கேட்டவர்
சேர்த்தேன் ஐயா. முன்பணம் 8,000 என்று சரியாகிவிட்டது. தேன் 70 கிலோவாகக் குறைந்துவிட்டது.

பதில் 2
டிஸ்டிங்டை உடனே எடுத்துவிடுங்கள். இரண்டு 30 கிலோவையும் அது ஒன்றாகவே எண்ணும். பாதி சரியாக வருவதால் இந்தத் தவறு எளிதில் கண்ணில் படாது, தேன் கொடுத்தவருக்குத்தான் நட்டம்.

உங்கள் கீகளில் குறையில்லை. கொள்முதலும் முன்பணமும் தனித்தனியே ஆளோடு இணைந்திருக்கின்றனவே தவிர, அவை இரண்டுக்கும் இடையே நேரடி உறவு எதுவும் இல்லை. எந்தக் கொள்முதலுக்கு எந்த முன்பணம் என்று தரவுத்தளத்துக்குத் தெரியாததால், ஒவ்வொரு கொள்முதல் வரியையும் ஒவ்வொரு முன்பண வரியோடும் சேர்த்து ஆறு வரிகளை உண்டாக்குகிறது. எடை இருமுறையும் பணம் மும்முறையும் கூடுவது அதனால்தான். கூட்டாமல், ஆள்வாரியாகத் தொகுக்கும் குரூப் பை இல்லாமல் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், அந்த ஆறு வரிகளும் கண்ணெதிரே நிற்கும்.

கொள்முதலைத் தனியே ஆள்வாரியாகக் கூட்டுங்கள்; முன்பணத்தையும் அப்படியே செய்யுங்கள். ஆளுக்கு ஒரு வரியாகச் சுருங்கிய அந்த இரு துணை வினவல்களையும் (முதன்மைக் கட்டளைக்குள் எழுதும் சிறு கட்டளைகள்) தேனீ வளர்ப்போர் டேபிளோடு, பொருந்தும் வரி இல்லாதவரையும் விடாமல் வைக்கும் லெஃப்ட் ஜாயின் செய்யுங்கள். வெறும் ஜாயின் போட்டால் முன்பணமே வாங்காதவர் பட்டியலிலிருந்து மறைந்துவிடுவார். லெஃப்ட் ஜாயினில் அவருக்கு வரும் ‘நல்’ (NULL, அதாவது மதிப்பே இல்லாத வெற்றிடம்) என்பதை, வெற்றிடத்துக்குப் பதில் வேறு மதிப்பு தரும் கோயலெஸ் கொண்டு 0 ஆக்காவிட்டால், முன்பணத்தைக் கழிக்கும்போது நிலுவையும் ‘நல்’ ஆகிவிடும்.

கேட்டவர்
100 கிலோ, 8,000 ரூபாய் என்று சரியாக வருகிறது, மிக்க நன்றி. ஆனால் ஆள்வாரியாகப் பார்க்கும் மொத்தம், கொள்முதல் டேபிளை மட்டும் கூட்டினால் வரும் மொத்தத்தைவிடக் குறைகிறது. சென்ற மாதம் தொழிலை விட்டுவிட்ட ஒருவரை நீக்கினேன்; ஃபாரின் கீ இருந்தும் தடுக்கவில்லையே?

பதில் 2
எஸ்கியூலைட்டின் பழைய வழக்கம் அது. 2009இல் வந்த 3.6.19 பதிப்பிலிருந்து ஃபாரின் கீயைக் கட்டாயப்படுத்தும் வசதி இருந்தாலும், இயல்பாக அது அணைந்தே இருக்கும். ஒவ்வொரு முறை தரவுத்தளத்தைத் திறக்கும்போதும் ‘ப்ராக்மா ஃபாரின்_கீஸ் = ஆன்’ என்ற கட்டளையை உங்கள் நிரல் தர வேண்டும். அப்படித் தந்தாலும் உரிய ஆள் நீக்கப்பட்டதால் ஏற்கெனவே அநாதையான வரிகளைப் பற்றி அது வாய் திறக்காது. அவற்றைக் காண ‘ப்ராக்மா ஃபாரின்_கீ_செக்’ ஓட்டுங்கள்.

கேட்டவர்
நான்கு வரிகள் சிக்கின, நான்கும் அவருடையவை. பழைய பேரேட்டைப் பார்த்து அதே எண்ணில் அவரை மீண்டும் சேர்த்தேன். இனி நீக்குவதற்குப் பதிலாக ‘விலகினார்’ என்று குறிக்க ஒரு புலம் வைத்துவிட்டேன்.