ரேஷன் அரிசியும் மளிகைக் கடைக் கேழ்வரகும்: உங்கள் அனுபவம் என்ன?

பென்னாகரத்தான்:
2011 ஜூனிலிருந்து ரேஷனில் மாதந்தோறும் 20 கிலோ அரிசி விலையில்லாமல் வரத் தொடங்கியதல்லவா, அதற்கு அடுத்த ஆண்டு நடந்தது இது. சர்க்கரை நோயாளியான அப்பா களி கேட்டார் என்பதற்காகத் தெருமுனைக் கடைக்குப் போனேன். கடைக்காரர், முன்பு கேழ்வரகு மூட்டை வாய் சுருட்டி நின்ற மூலையைக் கையால் காட்டினார். அங்கே நூடுல்ஸ் பொட்டலங்கள் சரமாகத் தொங்கின. "மூட்டையப் பிரிச்சா வண்டு விழற வரைக்கும் கிடக்குது தம்பி. சும்மா வர்ற அரிசி வீட்டுல இருக்கறப்ப ராகிய யாரு வாங்குவாங்க?" என்றார். கேழ்வரகு விளையும் மண்ணில் நின்று அதைக் கேட்டது இன்னும் உறுத்துகிறது.

ஓசூர் வாசகி:
மேலே எழுதியவருக்கு ஒரு திருத்தம்: கேழ்வரகில் அவ்வளவு எளிதில் வண்டு விழாது, ஆண்டுக்கணக்கில் கெடாமல் கிடக்கும், கெடுவது மாவுதான். பழியை ரேஷன் அரிசியின்மீது மட்டும் போடுவதும் சரியன்று, ஏனென்றால் கல் பொறுக்கி, புடைத்து, மில்லுக்குத் தூக்கிச் செல்லும் வேலையிலிருந்து தப்பித்ததில் எங்கள் வீட்டுப் பெண்களுக்கு நிம்மதிதான். 2023இல் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் மட்டும் 2 கிலோ அரிசிக்குப் பதிலாகக் கேழ்வரகு கொடுக்கத் தொடங்கியபோது, அரூரில் அம்மாவுடன் வரிசையில் நின்றேன். முன்னால் நின்ற பாட்டி பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "களி தின்னதெல்லாம் போதும்ப்பா, அந்த ரெண்டு கிலோவையும் அரிசியாவே போடு" என்றார். அவரிடம் சத்தைப் பற்றிப் பேச எனக்கு வாய் வரவில்லை.

கோத்தகிரி ஆசிரியை:
எனக்கு வாய்த்தது நேர்மாறானது. ரேஷன் கேழ்வரகை அரைக்கப் போனபோது, அதுவரை அதைத் தொடாத மில்காரர் சனிக்கிழமையைக் கேழ்வரகுக்கென்றே ஒதுக்கியிருந்தார். பக்கத்துக் கடையிலும் மாவு விற்பனைக்கு வந்திருந்தது.

பென்னாகரத்துக்காரருக்கு ஒரு யோசனை. கடைக்காரரிடம் தனியாளாகக் கேட்காதீர்கள். ஐந்தாறு வீட்டார் சேர்ந்து மாதம் 10 கிலோ வேண்டுமென்று முன்கூட்டியே சொல்லிவைத்தால், விற்றுவிடும் என்ற தைரியத்தில் அவர் வாங்கி வைப்பார். கிடைத்ததைக் கழுவி, இரவு முழுவதும் ஊறவைத்து, துணியில் கட்டி முளை விட்டபின் நன்கு உலர்த்தி, கொஞ்சம் கொஞ்சமாக அரைத்துக்கொள்ளுங்கள். களி பிடிக்காத பிள்ளைகளுக்குத் தோசைமாவில் கலந்து ஊற்றலாம். முருங்கைக் கீரை சேர்த்து அடையாகத் தட்டினால் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்கள்.

பென்னாகரத்தான்:
வண்டு பற்றிய திருத்தத்தை ஏற்கிறேன். ஆனால் அன்று அந்த மூலையில் தானியமும் இல்லை, மாவும் இல்லை. ஐந்து வீடுகளையும் அப்போதே கேட்டுப் பார்த்தேன். ஒரு வீட்டில்தான் சரி என்றார்கள்.