பக்கவாதத்துக்குப் பிறகு இதயப் பரிசோதனை: முதல்ல எது?

வணக்கம். அப்பாவுக்கு 61 வயசு, ஊர் மதுரை. போன மாசம் பக்கவாதம் வந்தது. ரத்தக்கட்டி எங்கேயிருந்து கிளம்புச்சுன்னு இன்னும் பிடிபடலை.

சாப்பிடும்போது பிசைஞ்ச சோறு வலது கையிலிருந்து நழுவித் தட்டுக்கு வெளியே விழுந்தது, பேச்சும் குழறுச்சு. இப்போ பேச்சு தெளிவு, சட்டை பட்டன் மட்டும் போட முடியலை. எம்ஆர்ஐயில மூளையோட ரெண்டு பக்கமும் சின்னச் சின்ன அடைப்பு. அதனாலதான் இதயத்து மேல சந்தேகம்னு நியூராலஜிஸ்ட் சொன்னார். கழுத்து ரத்தக்குழாய்ல அடைப்பு இல்லை. ஈசிஜி, நெஞ்சு மேல வச்சுப் பார்க்கிற எக்கோ ரெண்டும் நார்மல். 24 மணி நேரம் உடம்புல மாட்டி இதயத் துடிப்பைப் பதிவு பண்ற ஹோல்டர் மெஷின்லயும் ஒண்ணும் சிக்கலை. பிரஷர் உண்டு, சுகர் இல்லை. ஆஸ்பிரினும் கொலஸ்ட்ரால் மாத்திரையும் போயிட்டிருக்கு.

எனக்கு அந்த ஹோல்டர் மேலதான் நம்பிக்கை வரலை. ராத்திரியில அப்பப்போ நெஞ்சு படபடன்னு அடிக்குதுன்னு ரொம்ப நாளா சொல்லிட்டிருக்கார். மெஷின் மாட்டின அன்னைக்கு அது வரவே இல்லை. விட்டுவிட்டு வர்ற ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (இதயத்தோட மேலறை தாறுமாறாத் துடிக்கிறது) ஒரே நாள்ல தப்பிச்சுப் போகலாம். அது இருக்குன்னு தெரிஞ்சா மருந்தே மாறும், ரத்தம் உறையாம இருக்கிற மாத்திரை தரணும்.

கார்டியாலஜிஸ்ட், தொண்டை வழியா குழாய் விட்டுப் பார்க்கிற டீஇஇ எக்கோ எடுக்கச் சொல்றார். இடது மேலறை ஓரத்துல இருக்கிற சின்னப் பையில ரத்தக்கட்டி இருந்தா அதுலதான் நல்லாத் தெரியுமாம். நியூராலஜிஸ்ட் 14 நாள் நெஞ்சுல ஒட்டியிருந்து துடிப்பைப் பதிவு பண்ற பேட்ச் மானிட்டர்ங்கிறார். ரெண்டையும் ஒண்ணா எடுக்க இப்போ கையில காசு இல்லை (தொண்டையில குழாய்னாலே அப்பாவுக்கு பயம் வேற).

இந்த நிலைமையைப் பார்த்தவங்க, இந்தத் துறையில இருக்கிறவங்க சொல்லுங்க: டீஇஇயா, பேட்ச் மானிட்டரா, எதை முதல்ல எடுக்கிறது?