டையாக்சின் 0.06 என்று வந்திருக்கிறது, உலை தேறிவிட்டதா?

கேள்வி:
வணக்கம். மருத்துவக் கழிவு எரியுலை ஒன்றின் புகைபோக்கிச் சோதனை அறிக்கை இது. டையாக்சின், ஃபியூரான் (எரியும்போது உருவாகும் குளோரின் கலந்த நச்சுகள்) சேர்த்து நச்சுச் சமானம் (ஒவ்வொன்றின் நச்சுத்தன்மைக்கேற்ப எடையிட்டுக் கூட்டியது) கன மீட்டருக்கு 0.06 நானோகிராம். வரம்பு 11% ஆக்சிஜனில் 0.1. புகையில் ஆக்சிஜன் 15.5%, ஐசோகைனெடிக் (மாதிரியை உறிஞ்சும் வேகம் புகையின் வேகத்தில் எத்தனை சதவீதம் என்பது) 84%, மாதிரி எடுத்தது 3 மணி நேரம். தேறிவிட்டது என்று கொள்ளலாமா?

மறுமொழி 1:
அந்த 0.06, 11% ஆக்சிஜனுக்குத் திருத்திய எண்தானா? இல்லையென்றால் (21−11)÷(21−15.5), அதாவது 1.82 ஆல் பெருக்குங்கள். 0.109 வரும், வரம்பைத் தாண்டிவிடும். காற்றைக் கூடுதலாக விட்டாலே புகை நீர்த்துவிடும் என்பதால்தான் இந்தத் திருத்தம்.

ஐசோகைனெடிக் 84% ஏற்கத்தக்கதல்ல, 90 முதல் 110 வரை இருக்க வேண்டும். நாசிலில் (மாதிரி எடுக்கும் குழாயின் முனை) உறிஞ்சும் வேகம் புகையின் வேகத்தைவிடக் குறைந்தால் கனமான துகள்கள் அதிகமாக உள்ளே வரும், அளவு கூடிக் காட்டும். 110க்கு மேல் போனால் நேர்மாறாகக் குறைத்துக் காட்டும். எப்படியானாலும் அந்தச் சோதனை ஓட்டம் செல்லாது.

மறுமொழி 2:
ஆய்வகத் தாளையும் கேட்டு வாங்குங்கள். மாதிரி எடுக்கும் முன்பே ரெசினில் (வாயுவிலுள்ள டையாக்சினைப் பிடிக்கும் பொருள்) ஏற்றிய, ஐசோடோப்பால் குறியிட்ட சேர்மங்கள் எத்தனை சதவீதம் மீண்டன? 70–130க்குள் இருக்க வேண்டும். கணக்கில் சேரும் 17 டையாக்சின், ஃபியூரான் சேர்மங்களில் தென்படாதவற்றைப் பூஜ்யமாகப் போட்டார்களா என்றும் பாருங்கள். 3 மணி நேரத்தில் இழுத்த வாயு குறைவு, கண்டறியும் எல்லை (காணக்கூடிய மிகக் குறைந்த அளவு) உயர்ந்திருக்கும்.

நாசில், குழாய் எல்லாவற்றையும் அசிட்டோன், டொலுயீனால் கழுவிய நீர்மமும் மாதிரியோடு சேர வேண்டும். கணிசமான டையாக்சின் கண்ணாடிச் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். இணைப்புகளில் கிரீஸ் தடவவே கூடாது, பகுப்பாய்வைக் கெடுத்துவிடும்.

கேட்டவர்:
ரெசினுக்குள் நுழையும் வாயு 27 டிகிரி என்று களக்குறிப்பில் இருக்கிறது.

மறுமொழி 2:
20ஐத் தாண்டக் கூடாது. வாயுவைக் குளிர்விக்கும் கண்டென்சருக்குப் போகும் தண்ணீரில் ஐஸ் கரைந்ததும் இப்படி ஏறும். ஆவியாக வருவது ரெசினில் பிடிபடாமல் நழுவிவிடும், அளவு குறைந்து தெரியும்.

மறுமொழி 3:
மறுசோதனைதான் வழி. 6–8 மணி நேரம், முழுச் சுமையில், கள வெற்று மாதிரியோடு (புகையை இழுக்காமல், மற்றதெல்லாம் அதேபோல் செய்த ஒப்பீட்டு மாதிரி). கழிவு போட்ட பதிவேட்டையும் அறைவெப்பப் பதிவையும் நிமிடவாரியாக இணைக்கச் சொல்லுங்கள். இரண்டாம் அறை 850 டிகிரிக்குக் கீழே இறங்கினாலும், புகை 200–450 டிகிரி இடைவெளியில் மெதுவாகக் குளிர்ந்தாலும் டையாக்சின் எகிறும். சோதனையன்று மட்டும் மருத்துவக் கழிவுக்குப் பதில் காய்ந்த அட்டையைப் போட்டு எரித்தார்களா என்பதும் அந்தப் பதிவேட்டிலேயே தெரிந்துவிடும்.