பிட்சர்கள் முகாமுக்கு வரும் வாரம்: உங்கள் அனுபவங்களைச் சொல்லுங்கள்

பிப்ரவரி நடுவில் அந்த நாள் வரும். பேஸ்பாலில் பந்து வீசும் பிட்சர்களும், அதைப் பிடிக்கும் கேட்சர்களும் மட்டும் முதலில் ஸ்பிரிங் டிரெய்னிங் என்கிற, சீசனுக்கு முந்தைய பயிற்சி முகாமுக்கு வந்து சேர்வார்கள். மற்றவர்கள் சில நாள் கழித்துத்தான். அன்று ஆட்டமும் கிடையாது, ஸ்கோரும் கிடையாது. ஆனாலும் சியாட்டிலில் மழை தூறிக்கொண்டே இருக்கிற காலையில், அரிசோனா வெயிலில் யாரோ இரண்டு பேர் பந்தை வீசிப் பிடிக்கிற பத்து விநாடி வீடியோவைப் பார்த்தால் போதும், எனக்கு மனசு லேசாகிவிடும். நான் முதலில் சொல்கிறேன். அப்புறம் நீங்கள் சொல்லுங்கள்.

நான் சியாட்டிலுக்கு வந்தது 2004-ல். எங்கள் ஊர் அணியான மரைனர்ஸ் 2001-ல் 116 ஆட்டங்களை வென்ற கதையை ஊரே சொல்லிக்கொண்டிருந்த நேரம். பக்கத்து வீட்டுப் பெரியவர் கார் ஷெட்டில் ரேடியோவைப் போட்டுவிட்டு ஏதாவது மரவேலை செய்துகொண்டிருப்பார். ரேடியோவில் டேவ் நீஹாஸ் வர்ணனை. எனக்கு அப்போது பேஸ்பாலில் ஒரு விதியும் தெரியாது. பந்து உயரப் போகும்போது அந்தக் குரலும் கூடவே ஏறும். "மை ஓ மை" என்று அது போய் நிற்கும்போது பெரியவர் கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரிப்பார். அப்படி ஒட்டிக்கொண்டதுதான். அதற்கப்புறம் பதினெட்டு வருடம் எங்கள் அணியை, சீசன் முடிந்ததும் பட்டத்துக்காக நடக்கும் பிளே-ஆஃபில் பார்க்கவில்லை. 2022 செப்டம்பர் 30 இரவு எங்கள் கேட்சர் கால் ராலி பந்தை வேலிக்கு வெளியே அனுப்பி அடித்த ஹோம் ரன்தான் அந்த வறட்சியை முடித்தது. 2023-ல் ஒரே ஒரு வெற்றி குறைந்து வாய்ப்பு போயிற்று. 2024-லும் அதே ஒரே ஒரு ஆட்டம். 162 ஆட்டம் ஆடி, ஒன்றில்.

அந்த ஆற்றாமையோடுதான் 2025 மார்ச்சில் மகளைக் கூட்டிக்கொண்டு பியோரியாவுக்குப் போனேன். அவளுக்கு அப்போது பத்து வயது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மொத்தம் 30 அணிகள். அதில் பாதி ஃபுளோரிடாவிலும் பாதி அரிசோனாவிலும் முகாம் போடும். எங்கள் அணி ஃபீனிக்ஸுக்கு வடமேற்கே பியோரியாவில், சான் டியேகோ பாட்ரேஸோடு ஒரே வளாகத்தைப் பங்கு போட்டுக்கொள்கிறது. மதியம் நடக்கிற ஆட்டத்துக்குத்தான் எல்லாரும் டிக்கெட் வாங்குவார்கள். என்னைக் கேட்டால் காலையில் பின்பக்கப் பயிற்சி மைதானங்களுக்குப் போங்கள். கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் ஐந்தாறு பிட்சர்கள் வரிசையாக நின்று வீசுவார்கள், எதிரே ஐந்தாறு கேட்சர்கள் குந்தியிருப்பார்கள். நாம் நிற்கிற இடத்துக்கும் அவர்களுக்கும் நடுவில் நாலு எட்டு தூரம்கூட இருக்காது.

அங்கே சத்தம்தான் எல்லாம். நல்ல வேகப்பந்து கையுறையின் நடுவில் போய் விழுந்தால் காய்ந்த பலகை பிளக்கிற மாதிரி 'டப்' என்று கேட்கும். ஓரத்தில் விழுந்தால் 'பொத்'. மகள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். "அப்பா, பாக்காமலே சொல்றேன். இது நடுவுல. இது நடுவுல. இது இல்ல." நானும் கண்ணை மூடிப் பார்த்தேன். அவள் சொன்னது சரியாகத்தான் இருந்தது.

அப்போது வரிசையின் கடைசியில் இருந்த ஒரு இளம் பிட்சர் ஒரு பந்தை வீசிவிட்டுக் கையை உதறினார். விரல்களை விரித்து மடக்கிப் பார்த்தார். பயிற்சியாளர் பக்கத்தில் போய் ஏதோ கேட்டார். எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. ஆனால் வேலிக்கு வெளியே நின்ற இருபது முப்பது பேரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். கடைசியில் பார்த்தால் நகத்தில் ஒரு கீறல், அவ்வளவுதான். அடுத்த பந்து 'டப்' என்று விழுந்தபோது எல்லாரும் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

பிட்சரை நம்பியிருக்கிற அணிக்கு இந்தப் பயம் எப்போதும் உண்டு. முழங்கையின் உள்பக்கம் ஒரு சின்ன ஜவ்வு இருக்கிறது. பந்தை வீசும் ஒவ்வொரு முறையும் இழுபடுவது அதுதான். அது கிழிந்தால், 1974-ல் டாக்டர் ஃபிராங்க் ஜோப் முதன்முதலாக டாமி ஜான் என்ற பிட்சருக்குச் செய்த அதே அறுவை சிகிச்சைதான், அந்த வருடம் போனது போனதுதான். சில சமயம் அடுத்த வருடத்திலும் பாதி போய்விடும். அந்த மார்ச்சில்தான் எங்கள் பிட்சர் ஜார்ஜ் கிர்பிக்குத் தோளில் அழற்சி என்று செய்தி வந்தது. சீசன் தொடங்கியபோது அவர் இல்லை, மே மாதம்தான் திரும்பினார். அதற்குள் ஏப்ரலில் இன்னொரு பிட்சர் லோகன் கில்பர்ட்டும் காயத்தில் போய் உட்கார்ந்தார். "நம்ம பிட்சர்கள் இருக்காங்க, பாத்துக்கலாம்" என்று குளிர்காலம் முழுக்க நானே எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மதிய ஆட்டத்தில் எங்கள் பக்கத்து இருக்கையில் ஒரு பாட்டி. எழுபது வயதுக்கு மேல் இருக்கும். மடியில் ஸ்கோர் நோட்டு, காதில் பென்சில். மகளை அவருக்கு உடனே பிடித்துப்போய்விட்டது. ஸ்கோர் எழுதக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்துவிட்டார். பிட்சருக்கு 1, கேட்சருக்கு 2, முதல் பேஸுக்கு 3 என்று ஒன்பது பேருக்கும் எண். இரண்டாவது, மூன்றாவது பேஸுக்கு நடுவில் நிற்கிற ஷார்ட்ஸ்டாப்புக்கு 6; அவர் பந்தை எடுத்து முதல் பேஸுக்கு வீசி அவுட் ஆக்கினால் 6-3. அவர் நோட்டில் வழக்கத்தில் இல்லாத ஒரு குறியும் இருந்தது. பிட்சர் இன்னிங்ஸ் முடித்துத் திரும்பி நடக்கும்போது கையைத் தொங்கவிட்டு நடக்கிறாரா, தோளைத் தேய்க்கிறாரா என்று பார்ப்பார். தேய்த்தால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வட்டம். "ரன் எத்தனை கொடுத்தார் என்பதை ஏப்ரலில் எண்ணிக்கொள்ளலாம், மார்ச்சில் இதைத்தான் பார்க்க வேண்டும்" என்றார்.

அது எனக்கு அப்படியே மனதில் நின்றுவிட்டது. அரிசோனாவில் காற்று வறண்டு கிடக்கும். பந்து தூரமாகப் பறக்கும், வளைய வேண்டிய பந்து ஒழுங்காக வளையாது. முக்கிய ஆட்டக்காரர்கள் பாதியிலேயே குளிக்கப் போய்விடுவார்கள். ஏழாவது இன்னிங்ஸுக்கு மேல் களத்தில் இருப்பவர்கள் முதுகில் பெயரே இல்லாத, தொண்ணூறுக்கு மேல் எண் போட்ட பையன்கள். அந்தக் கணக்கை வைத்து என்ன முடிவு செய்ய முடியும்? 2001 மார்ச்சில் இதே பியோரியாவில், ஜப்பானிலிருந்து புதிதாக வந்த இச்சிரோவைப் பார்த்து மேனேஜர் லூ பினெல்லாவே கவலைப்பட்டிருக்கிறார், எல்லாப் பந்தையும் இடது பக்கமே தட்டிக்கொண்டிருக்கிறாரே, வலது பக்கம் இழுத்து அடிக்க வருமா என்று. அந்த வருடம் இச்சிரோ 242 ஹிட் அடித்தார். சிறந்த புதுமுகம், சிறந்த ஆட்டக்காரர் என்று இரண்டு விருதும் அவருக்கே. இன்றும் முகாமுக்குச் சீருடையோடு வந்து இளைஞர்களோடு ஓடுகிறார், பந்து வீசுகிறார். அவர் வீசியதை மகள் பார்த்தாள். "இவரா ரிட்டயர் ஆனவரு?" என்று இரண்டு தரம் கேட்டாள்.

அன்று கால் ராலியையும் பார்த்தோம். நான் அவருடைய கையுறையை மட்டும்தான் பார்த்தேன். அவருடைய மட்டை அந்த சீசனில் 60 ஹோம் ரன் அடிக்கப் போகிறது என்று அங்கே இருந்த ஒருவருக்கும் தெரியாது. கேட்சர் ஒருவர் ஒரு சீசனில் அதற்கு முன் அதிகபட்சம் 48 தான் அடித்திருந்தார்.

மற்றது உங்களுக்குத் தெரியும். 90 வெற்றி, 2001-க்கு அப்புறம் முதல் முறையாக எங்கள் பிரிவில் முதலிடம், ஒன்பது இன்னிங்ஸில் முடிய வேண்டிய ஆட்டம் டெட்ராய்ட்டோடு 15 இன்னிங்ஸ் போன அந்த இரவு. அப்புறம் அக்டோபர் 20, டொராண்டோவோடு லீக் இறுதித் தொடரின் ஏழாவது, கடைசி ஆட்டம். 3-1 என்று முன்னால் இருந்தோம். இன்னும் எட்டே அவுட். எட்டு அவுட் எடுத்திருந்தால் சாம்பியனைத் தீர்மானிக்கும் வேர்ல்டு சீரீஸுக்கு அணியின் வரலாற்றில் முதல் முறையாகப் போயிருப்போம். டொராண்டோவின் ஜார்ஜ் ஸ்பிரிங்கர் அடித்த பந்து வேலியைத் தாண்டியபோது மகள் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. "பிப்ரவரி எப்பப்பா வரும்?" என்று மட்டும் கேட்டாள். அந்தக் கேள்விக்கு நான்தான் அழுதேன்.

சரி, இப்போது 2026 பிப்ரவரி வந்துவிட்டது. முதல் பேஸில் ஆடும் ஜோஷ் நெய்லரை ஐந்து வருடத்துக்கு வைத்துக்கொண்டார்கள், அதில் பெரிய நிம்மதி. ஹோர்ஹே பொலான்கோ வேறு அணிக்குப் போய்விட்டார், அது வலிக்கிறது. பெரிய கவலை, மார்ச்சில் நாடுகள் மோதிக்கொள்ளும் வேர்ல்டு பேஸ்பால் கிளாசிக். ராலி அமெரிக்காவுக்காக ஆடப் போகிறார், ஹூலியோ ரொட்ரிகஸ் டொமினிகனுக்காக. நாட்டுக்காக ஆடும் பெருமையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் மார்ச்சில் கேட்சர் தன் பிட்சர்களோடுதான் இருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

*

நியூ ஜெர்சியிலிருந்து எழுதுகிறேன். நியூயார்க் மெட்ஸ் அணியின் ரசிகன். பொலான்கோ இப்போது எங்களிடம்தான் இருக்கிறார் அண்ணா, நன்றாகப் பார்த்துக்கொள்கிறோம்.

கிளாசிக் பற்றிச் சொன்னீர்கள். 2023 மார்ச் 15 இரவை நான் மறக்கவே முடியாது. மயாமியில் போர்ட்டோ ரிக்கோ, டொமினிகனைத் தோற்கடித்தது. கடைசி அவுட்டை எடுத்தவர் அப்போது எங்கள் பிட்சராக இருந்த எட்வின் டியாஸ். முந்தைய வருடம் ட்ரம்பெட் ஓசையோடு அவர் களத்துக்குள் ஓடிவரும்போது மைதானமே எழுந்து நிற்கும். சில மாதம் முன்புதான் ஐந்து வருட ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். டிவியில் எல்லாரும் கட்டிப்பிடித்துக் குதிக்கிறார்கள். நான் தண்ணீர் எடுக்க அடுப்படிக்குப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் டிவியில் சத்தமே இல்லை. டியாஸ் தரையில் கிடக்கிறார், அவர் தம்பி பக்கத்தில் நின்று அழுகிறார். பந்து வீசும்போது இல்லை, ஓடும்போதும் இல்லை, ஜெயித்த சந்தோஷத்தில் குதித்தபோது முழங்கால் நாண் அறுந்துவிட்டது. கையில் தம்ளரோடு அப்படியே நின்றேன். அந்த சீசன் முழுக்க அவர் ஆடவில்லை. முந்தைய வருடம் 101 வெற்றி கண்ட அணி அந்த வருடம் 75-ல் நின்றது. அவர் ஒருவரால்தான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எனக்கு அந்த வருடம் ஏப்ரல் வருவதற்கு முன்னாலேயே முடிந்துவிட்டது.

இன்றுவரை மார்ச்சில் யாராவது கட்டிப்பிடித்துக் குதித்தால் நான் முதலில் அவர்கள் காலைத்தான் பார்க்கிறேன்.

*

உங்கள் இருவருக்கும் கவலைப்பட ஓர் ஊர் அணி இருக்கிறது. நான் கலிபோர்னியாவில் ஃப்ரீமாண்ட். ஓக்லாந்து ஏ'ஸ், அதாவது அத்லெடிக்ஸ் அணியின் ரசிகை. 2024 செப்டம்பர் 26-ல் ஓக்லாந்தில் கடைசி ஆட்டம் முடிந்ததும் மைதானத்து மண்ணைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு வந்தவர்களில் ஒருத்தியைப் பார்த்தேன், என் அம்மா வயது. இப்போது அணி சாக்ரமென்டோவில் ஆடுகிறது. பெயரோடு ஊர்ப் பெயர்கூட இல்லை, வெறும் அத்லெடிக்ஸ்.

இனிப் பார்க்க மாட்டேன் என்றுதான் இருந்தேன். 2025 மார்ச்சில் வேலை விஷயமாக ஃபீனிக்ஸ் போனபோது கார் தானாக அவர்கள் முகாம் போடும் மேசாவுக்குத் திரும்பிவிட்டது. அதே பச்சை, அதே மஞ்சள். முகாமில் நிக் கர்ட்ஸ் என்று ஒரு பையன், முந்தைய வருடம்தான் கல்லூரியிலிருந்து எடுத்திருந்தார்கள். அவன் மட்டையைச் சுழற்றிய விதத்தைப் பார்த்து வாய்விட்டு "ஐயோ" என்றுவிட்டேன். ஜூலையில் ஒரே ஆட்டத்தில் நாலு ஹோம் ரன் அடித்தான். சிறந்த புதுமுகமும் அவன்தான். எங்கள் ஊரில் ஆட வேண்டிய பிள்ளை. சந்தோஷப்படுவதா, கோபப்படுவதா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. இந்த மார்ச்சிலும் போகத்தான் போகிறேன்.

*

ஃப்ரீமாண்ட் சகோதரி, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். மேசாவிலிருந்து பியோரியா ஒரு மணி நேரத்துக்குள்தான். மார்ச் மூன்றாவது வாரம் நாங்கள் அங்கே இருப்போம். வாருங்கள், பாட்டி பக்கத்தில் ஓர் இடம் பிடித்து வைக்கிறோம்.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. அந்த ஆட்டத்தின் ஒன்பதாவது இன்னிங்ஸில் பெயரில்லாத சட்டை போட்ட ஒரு பையன் இரண்டு பேஸ் ஓடும்படி ஒரு பந்தை அடித்தான். பாட்டி பென்சிலை மகளிடம் கொடுத்து, "இவனை நீ எழுது" என்றார். பெயர் தெரியாததால் எண்ணை மட்டும் எழுதி, பக்கத்தில் கேள்விக்குறி போட்டாள். அந்தப் பக்கத்தைக் கிழித்து அவளுக்கே கொடுத்தார் பாட்டி. இந்த வருட முகாமுக்கு அழைக்கப்பட்டவர்கள் பட்டியல் வந்ததும் அவள் முதலில் தேடியது ராலியை இல்லை, அந்த எண்ணைத்தான். அந்த எண் இப்போது வேறு ஒரு பையனுக்கு. அதை அவள் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நேற்று ராத்திரி பார்த்தேன், கேள்விக்குறியை அழித்துவிட்டு இன்னொரு எண்ணுக்காகக் கீழே ஒரு வரி இடம் விட்டு வைத்திருக்கிறாள்.