புதுப்பிப்பு: ஸ்பிரிங்கோடு ஷாக்கையும் மாற்றியாயிற்று

போன பதிவில் கேட்டது இதுதான்: ஜிம்னி காரில் 40 சதவீதம் கடினமான ஸ்பிரிங் போட்டபின், வேகத்தடை தாண்டினால் பின்பக்கம் துள்ளிக்கொண்டே இருக்கிறது, என்ன செய்யலாம்?

ஷாக் அப்சார்பரை மாற்றியதும் துள்ளல் நின்றுவிட்டது. எடையைத் தாங்குவது ஸ்பிரிங். அதில் சேரும் ஆற்றலை, ஆயிலைச் சிறு வால்வுகள் வழியே தள்ளி, வெப்பமாக்குவது ஷாக். ஸ்பிரிங் கடினமானால் அது திரும்பி விரியும் வேகமும் கூடும். ரீபவுண்ட் தணிப்பு, அதாவது ஸ்பிரிங் விரியும்போது ஷாக் அதை மெதுவாக்கும் அளவு, அதற்கு ஈடுகொடுக்க வேண்டும். அதற்காக 40 சதவீதம் கூட்ட வேண்டாம். இது வர்க்கமூலக் கணக்கு (1.4-இன் வர்க்கமூலம் சுமார் 1.18): எடை மாறாவிட்டால் சுமார் 18 சதவீதம் போதும்.

"இருப்பதிலேயே டைட்டானதைப் போடு" என்ற யோசனையை நான் ஏற்கவில்லை. ரீபவுண்ட் தணிப்பு மிகையானால், வரிசையாகக் குழி வரும் சாலையில் ஸ்பிரிங் விரிய நேரமில்லாமல் வண்டி தாழ்ந்துகொண்டே போகும். அப்புறம் இடுப்புக்குத்தான் அடி.

வாங்கியது மோனோட்யூப், அதாவது ஒரே குழாய் கொண்ட ஷாக். ஆயிலும் வாயுவும் தனித்தனி அறையில் இருப்பதால் நுரைப்பது குறைவு, சூடும் சீக்கிரம் இறங்கும். ஆனால் கல் பட்டுக் குழாய் நசுங்கினால் பிஸ்டன் சிக்கிக்கொள்ளும். குழாய்க்குள் குழாய் உள்ள ட்வின்ட்யூப் அந்த விஷயத்தில் தாக்குப்பிடிக்கும்.

லக்கேஜ் இல்லாதபோது பின்பக்கம் இன்னும் கொஞ்சம் முரடுதான். அது ஸ்பிரிங்கின் குணம், ஷாக்கால் தீராது.