உண்ணிக் காய்ச்சல் குறித்த தொடர் மருத்துவக் கல்வி அமர்வுக்கு உதவி தேவை

குழுவில் உள்ள மருத்துவ நண்பர்களுக்கு வணக்கம். எங்கள் வட்டாரப் பொது மருத்துவர்களுக்காக, மழைக்காலம் முடியும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஸ்க்ரப் டைபஸ் எனும் உண்ணிக் காய்ச்சல் பற்றி அரைநாள் அமர்வு நடத்த இருக்கிறோம். (பெயர்தான் உண்ணி, கடிப்பது கண்ணுக்கு எளிதில் புலப்படாத ஒரு சிற்றுயிரியின் இளம்பருவம்.)

சென்ற ஆண்டு ஏழு நாள் காய்ச்சலோடு ஓர் அம்மா என்னிடம் வந்தார். டெங்கு பரிசோதனை இரண்டு முறை முடிந்திருந்தது; செஃப்ட்ரியாக்சோன் எனும் நுண்ணுயிர்க்கொல்லி ஊசிக்கும் காய்ச்சல் தணியவில்லை. முழுமையாகப் பரிசோதித்தபோது, மார்பின் அடிமடிப்பில் பீடி நுனியால் சுட்டது போன்ற கருத்த பொருக்கு ஒன்று, வலியோ அரிப்போ இன்றி இருந்தது. இந்நோய்க்கான நுண்ணுயிர்க்கொல்லியான டாக்ஸிசைக்ளின் தொடங்கிய இரண்டாம் நாளே காய்ச்சல் இறங்கிவிட்டது. அக்குளையும் தொடையிடுக்கையும் பார்க்க நேரமில்லாத புறநோயாளிப் பிரிவுகளில் தவறிப்போவது, கடித்த இடத்தைக் காட்டும் இந்தப் பொருக்குதான்.

ஆகவே, நம்மவர்களின் மாநிறத் தோலில் எடுத்த, நோயாளியின் ஒப்புதல் பெற்ற, அவர் யாரெனத் தெரியாத பொருக்குப் படங்கள் இருப்பவர்கள் தந்து உதவ வேண்டுகிறேன். பாடநூல் படங்கள் பெரும்பாலும் வெளிர்நிறத் தோலில் எடுத்தவை. கடுமையான நோயில் டாக்ஸிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் சிரைவழியே சேர்த்துக் கொடுப்பது ஒன்றை மட்டும் கொடுப்பதைவிடக் கூடுதல் பயன் தருவதாக 2023இல் வெளியான இந்திய ஆய்வு காட்டியது. அதைச் சிறு மருத்துவமனைச் சூழலுக்கு ஏற்ப, தமிழில் விளக்கக்கூடிய ஒருவரும் தேவை.

மருத்துவர்கள் பெற வேண்டிய தொடர் கல்வி ஐந்தாண்டுக்கு 30 மணி நேரம் என்ற கணக்கில் இந்த அமர்வையும் சேர்க்க, மருத்துவக் கவுன்சிலிடம் எத்தனை நாள் முன்பு விண்ணப்பித்தீர்கள் என்பதையும் அனுபவமுள்ளவர்கள் தெரிவித்தால் நன்றியுடையவனாவேன்.